கொடி யாருடையது, கடமை யாருக்கு?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஓசூரில் இருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். ஆனாலும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற்ற கரையோரக் கப்பல் போக்குவரத்துச் சட்டத்தைப் படித்தபோது, ஓசூர்வாசியான எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜூவாடியைக் கடக்கும் ஒவ்வொரு லாரியையும் ஆம்னி பேருந்தையும் பற்றி இங்கே பல்லாண்டுகளாகக் கேட்கப்படும் கேள்விதான் அந்தச் சட்டத்தின் மையக் கேள்வியும்: வெளியிடத்தில் பதிவான வாகனம் ஒன்று, நம் எல்லைக்குள் இருக்கும் இரு ஊர்களுக்கு இடையே ஆளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லலாமா? அப்படி ஏற்றினால் அது யாருடைய சட்டத்துக்கு உட்பட்டது, யாருக்கு வரி செலுத்த வேண்டும்?

உலகக் கப்பல் துறையில் இந்தக் கேள்விக்கு ‘கபோட்டாஜ்’ என்ற பிரெஞ்சுச் சொல் வழங்குகிறது. ஒரு நாட்டின் இரு துறைமுகங்களுக்கு இடையிலான போக்குவரத்தை அந்த நாட்டின் கொடி தாங்கிய கப்பல்களுக்கே ஒதுக்கி வைப்பது இதன் பொருள். வெளிநாட்டுச் சொகுசுக் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே இந்தியப் பயணிகளை ஏற்றிச் செல்லலாமா என்ற விவாதம் இதன் ஒரு கிளை. விடுமுறைப் பயணம் செல்லும் சிலரின் பிரச்சினையாக இது வெளியே தெரியலாம். உள்ளே இருப்பது வரி, வேலைவாய்ப்பு, இறையாண்மை ஆகிய மூன்றும் கலந்த ஒரு பழைய வழக்கு.

எது கரையோர வணிகம்?

முதலில் வரையறையைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிங்கப்பூரில் புறப்படும் ஒரு வெளிநாட்டுக் கப்பல், தன் பயணிகளுடன் சென்னை, கொச்சி, மும்பை ஆகிய துறைமுகங்களைத் தொட்டுவிட்டு துபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் இடையில் இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதே கப்பலில் ஏறிக்கொள்கிறார்கள். இதில் சிக்கல் ஏதுமில்லை. அதே கப்பல் மும்பையில் ஒருவரை ஏற்றிக் கொச்சியில் இறக்கிவிட்டால் அது கரையோர வணிகம் ஆகிவிடுகிறது. வணிகக் கப்பல் போக்குவரத்துச் சட்டம் 1958-இன் 407-ஆவது பிரிவு இதைத்தான் கட்டுப்படுத்தியது. இந்தியக் கப்பலோ, இந்தியர் அல்லது இந்திய நிறுவனம் வாடகைக்கு எடுத்த கப்பலோ அல்லாத எதுவும், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரின் உரிமம் பெறாமல் இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளையோ சரக்கையோ ஏற்றக் கூடாது என்பது அந்தப் பிரிவின் சாரம்.

சென்னையில் புறப்பட்டு, ஆழ்கடலில் ஓர் இரவைக் கழித்துவிட்டு, மீண்டும் சென்னைக்கே திரும்பும் உல்லாசப் பயணம் எந்த வகை? ‘ஒரு துறைமுகத்தில் இருந்து மற்றொரு துறைமுகத்துக்கு’ என்று பேசிய பழைய வரையறை, இத்தகைய பயணத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதன்று. 1958-இல் கப்பலே பயணத்தின் நோக்கமாக இருக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை. கப்பல் அப்போது ஓர் ஊருக்குப் போய்ச் சேரும் வழி மட்டுமே.

உப்பும் கப்பலும்

இந்த ஒதுக்கீடு ஏதோ அதிகாரிகளின் பிடிவாதத்தில் பிறந்ததில்லை. 1906-இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஆங்கிலேயர் நிறுவனம் கட்டணத்தை வெட்டியும், ஒரு கட்டத்தில் இலவசமாகவே பயணிகளை ஏற்றியும் அதை வீழ்த்த முயன்றது. நஷ்டத்தைத் தாங்கும் ஆழமான பணப்பையும் அரசின் ஆதரவும் ஒரு தரப்பிடம் மட்டுமே இருக்கும்போது, ‘திறந்த போட்டி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைத் தமிழகம் அன்றே பார்த்துவிட்டது.

1928-இல் சாராபாய் நேம்சந்த் ஹாஜி என்ற உறுப்பினர், இந்தியக் கரையோரப் போக்குவரத்தை இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கும் மசோதாவை மத்தியச் சட்டப்பேரவையில் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆனால், 1930 ஜனவரி இறுதியில் காந்தியடிகள் பிரிட்டிஷ் அரசின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் அதுவும் இடம்பெற்றது. உப்பு வரியை நீக்குக என்ற கோரிக்கையும் அதே பட்டியலில்தான் இருந்தது. உப்புக் கோரிக்கையை நாடு நினைவில் வைத்திருக்கிறது. கப்பல் கோரிக்கையை மறந்துவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகப் படையை நடத்திச் சென்ற ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். கடலுக்கும் எங்கள் மண்ணுக்கும் தொடர்பில்லை என்று நாங்கள் சொல்லிவிட முடியாது.

விடுதலைக்குப் பின் கரையோரப் போக்குவரத்து படிப்படியாக இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு நிலையான வடிவம் தந்தது. ஆக, ஒதுக்கீட்டுக்குப் பின்னே நியாயமான வரலாறு உண்டு. அந்த வரலாற்றை மதித்தபடியே, அது இன்றைக்கு என்ன தந்திருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

சலுகைகளின் அடுக்கு

அரை நூற்றாண்டுக்கு மேல் பாதுகாப்பு இருந்தும், இந்தியக் கொடியுடன் பெரிய சொகுசுக் கப்பல் வரிசை ஒன்று உருவாகவில்லை. பாதுகாக்கப்பட வேண்டிய கப்பலே இல்லாதபோது பாதுகாப்பால் யாருக்குப் பயன் என்ற கேள்வி எழுந்தது. 2009-இல் மத்திய அரசு, பயணிகளை ஏற்றும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள் உரிமம் பெறாமலே இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே செல்லலாம் என்று தளர்த்தியது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று தரப்பட்ட அந்தச் சலுகை பின்னர் நீட்டிக்கப்பட்டது.

சரக்குத் துறையிலும் இதே பாதைதான். 2012-இல் கொச்சி வல்லார்பாடம் கொள்கலன் முனையத்துக்கு மட்டும் விலக்கு தரப்பட்டது. 2015-இல் வாகனங்களை உருட்டி ஏற்றும் கப்பல்கள் உள்ளிட்ட சிறப்பு வகைகளுக்கு ஐந்தாண்டு விலக்கு. 2018 மே மாதம், ஏற்றுமதி-இறக்குமதிச் சரக்குக் கொள்கலன்களை வேறு கப்பலுக்கு மாற்றுவதற்காகவும், வெறும் கொள்கலன்களையும் வெளிநாட்டுக் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே எடுத்துச் செல்லலாம் என்று பொது ஆணை வந்தது. காரணம் தெளிவானது. இந்தியாவின் மாற்றுக் கப்பல் சரக்கில் ஏறத்தாழ 75 விழுக்காடு வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கையாளப்படுகிறது என்றும், அதில் பெரும்பங்கு கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிளாங் ஆகிய மூன்றுக்கும் போகிறது என்றும் அரசே சொல்லியிருக்கிறது.

இது ஓசூருக்குத் தொலைவான செய்தியல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெங்களூரா மாம்பழக் கூழும், கருங்கல் பாளங்களும், சிப்காட் ஆலைகளின் உதிரிப் பாகங்களும் கொள்கலன்களில்தான் கடல் கடக்கின்றன. நேரடிப் பெருங்கப்பல் கிடைக்காத சரக்கு, சிறு கப்பலில் கொழும்பு போய் அங்கே மாறி ஏறும்போது கூடும் ஒவ்வொரு நாளும் ஏற்றுமதியாளரின் கணக்கில் செலவாக விழுகிறது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் 185 லாரிகள், 2017 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் இருந்து வங்கதேசத்தின் மோங்லா துறைமுகத்துக்குக் கப்பலில் புறப்பட்டன. தரைவழியே பல மாநிலங்களைக் கடந்து எல்லையில் காத்துக் கிடக்க வேண்டிய வண்டிகள் கடல்வழியே போயின. மலிவான, தடையற்ற கப்பல் சேவை வேண்டும் என்று இங்குள்ள தொழில்துறை விரும்புவதில் தவறில்லை.

ஆனால், எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். 2018 தளர்வை இந்தியக் கப்பல் உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். இந்தியக் கொடியை ஏற்றினால் இந்திய வரி, இந்தியப் பணியாளர், பயிற்சி மாலுமிகளுக்கு இடம் என்று கடமைகள் வரிசையாக வருகின்றன. வரிச் சலுகைப் புகலிடம் ஒன்றில் பதிவு செய்துகொண்ட கப்பல் அவற்றில் பலவற்றைச் சுமப்பதில்லை. இருவரையும் ஒரே தடத்தில் ஓடவிட்டு, சுமை உள்ளவர் பின்தங்கினால் ‘திறமையில்லை’ என்று சொல்வது நியாயமாகாது என்பது அவர்கள் வாதம். கப்பல் துறையில் ‘வசதிக் கொடி’ என்று ஒரு வழக்கு உண்டு. உரிமையாளர் ஒரு நாட்டில், பணியாளர்கள் வேறு நாடுகளில், கொடி மட்டும் கட்டணமும் கட்டுப்பாடும் குறைந்த இன்னொரு நாட்டில். இந்த ஏற்பாட்டை அறிந்தவர்கள் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

சென்னையில் தொடங்கிய பயணம்

தமிழ்நாட்டுக்குச் சொகுசுக் கப்பல் முற்றிலும் புதியதன்று. 2011-இலேயே ‘ஆமெட் மெஜஸ்டி’ என்ற கப்பல் சென்னையில் இருந்து சிறிது காலம் ஓடியது, நிலைக்கவில்லை. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த ‘எம்ப்ரஸ்’ கப்பலின் பயணம் அதைவிடப் பெரிய கவனம் பெற்றது. 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டு, பல ஆண்டுகள் ராயல் கரீபியன் நிறுவனத்திடம் இருந்த கப்பல் அது. இப்போது அதை நடத்தும் ‘கார்டிலியா குரூசஸ்’ இந்திய நிறுவனத்தின் பெயர்.

அந்தக் கப்பல் சில நாள்களிலேயே புதுச்சேரிக் கடலில் ஒரு சட்டப் பாடத்தையும் நடத்திக் காட்டியது. கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பதாக எதிர்ப்பு எழ, புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் பயணிகள் கரையிறங்க முடியாமல் போயிற்று. சூதாட்டம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். கப்பல் போக்குவரத்தோ மத்திய அரசின் வசம். ஆழ்கடலில் கப்பலுக்குள் நடப்பதைப் பெரும்பாலும் கொடி நாட்டின் சட்டமே ஆள்கிறது. பயணச்சீட்டு விற்ற பிறகு, கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இந்த மூன்று அதிகாரங்களும் மோதிக்கொண்டால் நட்டம் பயணிக்கு. உரிமமே இல்லாத பொதுச் சலுகையின் குறை இங்குதான் வெளிப்பட்டது. உரிமம் என்று ஒன்று இருந்திருந்தால், எந்தெந்தத் துறைமுகம், எந்த மாநிலத்தின் இசைவு, எந்த நிபந்தனை என்பதெல்லாம் புறப்படும் முன்பே எழுதப்பட்டிருக்கும்.

வரித் துறையின் அணுகுமுறை இதற்கு மாறாக இருந்தது. 2023 அக்டோபரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம், பன்னாட்டுப் பயணத்தில் உள்ள வெளிநாட்டுக் கொடிக் கப்பல் கரையோரப் பயணத்துக்கு மாறும்போது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியில் இருந்து விலக்குத் தரப் பரிந்துரைத்தது. ஆறு மாதத்துக்குள் அது மீண்டும் பன்னாட்டுப் பயணத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கை, இந்தியாவில் வசிக்காத சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் பயணிகளிடம் பெறும் தொகையில் 20 விழுக்காட்டை வருமானமாகக் கொண்டு வரி விதிக்கும் எளிய முறையை அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று மும்பையில் தொடங்கப்பட்ட ‘குரூஸ் பாரத்’ இயக்கம், 2029-க்குள் சொகுசுக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க இலக்கு வைத்திருக்கிறது.

இவற்றில் கவனிக்க வேண்டியது, வரித் துறையின் நடவடிக்கைகளில் அளவும் காலமும் இருக்கின்றன என்பது. ஆறு மாதம், 20 விழுக்காடு என்று எண்கள் இருக்கின்றன. நீட்டித்துக்கொண்டே போகும் 2009-ஆம் ஆண்டுச் சலுகையிலோ, வெளிநாட்டுக் கப்பலிடம் இருந்து பதிலுக்கு என்ன பெறுகிறோம் என்று சொல்லும் பகுதி இல்லை.

அமெரிக்கா தரும் எச்சரிக்கை

கதவை முழுதாக மூடிவைப்பதும் விடையாகாது. அதற்கு அமெரிக்காவே சான்று. அங்கே 1886-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சேவைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவில் கட்டப்பட்டு, அமெரிக்கக் கொடி ஏற்றிய கப்பல்தான் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளைக் கொண்டுசெல்லலாம். சரக்குக்கு 1920-ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம்.

நடைமுறையில் என்ன நடந்தது? பெரிய சொகுசுக் கப்பல்கள் எல்லாம் வெளிநாட்டுக் கொடியிலேயே ஓடுகின்றன. சியாட்டிலில் இருந்து அலாஸ்காவுக்குப் போகும் கப்பல், சட்டத்தை நிறைவு செய்வதற்காக வழியில் கனடாவின் ஒரு துறைமுகத்தைத் தொட்டுச் செல்கிறது. 2021-இல் கொரோனா காரணமாகக் கனடா தன் துறைமுகங்களை மூடியதும் அலாஸ்காவின் சுற்றுலாப் பருவமே ஆட்டம் கண்டது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குச் சட்டம் ஒன்றை அவசரமாக நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஹவாய்த் தீவுகளைச் சுற்றும் ‘பிரைடு ஆஃப் அமெரிக்கா’ என்ற ஒரே ஒரு பெரிய கப்பல் அமெரிக்கக் கொடியுடன் ஓடுகிறது. அதுவும் பாதியில் நின்று, ஜெர்மனியில் கட்டி முடிக்கப்பட்டதால், தனிச் சட்ட விலக்கு பெற்றே கொடி ஏற்றியது. நூறாண்டுக்கும் மேலான தடை அமெரிக்காவுக்குத் தந்தது ஒரு கப்பல். கனடாவுக்குத் தந்ததோ பருவந்தோறும் வந்து நிற்கும் கப்பல் வரிசை.

ஆகவே, தடை மட்டும் கப்பல்களை உருவாக்காது. நிபந்தனையற்ற சலுகை மட்டும் வேலைகளை உருவாக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறதா? இருக்கிறது. அதற்குக் கடலை விட்டுச் சாலைக்கு வர வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் அதே வழக்கு

தேசிய அனுமதிச்சீட்டு பெற்ற லாரி நாடு முழுதும் போகலாம். ஆனால், தன் சொந்த மாநிலம் அல்லாத வேறொரு மாநிலத்துக்குள், இரு ஊர்களுக்கு இடையே சரக்கை ஏற்றி இறக்கக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் நிபந்தனை. ஹரியாணாவில் இருந்து ஓசூர் ஆலைக்குப் பாரம் கொண்டுவந்த லாரி, திரும்பும்போது தில்லிக்குப் பாரம் ஏற்றலாம். சென்னைக்கு ஏற்றக் கூடாது. கப்பல் சட்டம் பேசும் அதே கபோட்டாஜ் இது, பெயர்தான் வேறு. வெளிமாநில லாரிகள் இந்த விதியை மீறி உள்ளூர் வாடகையைக் கெடுக்கின்றன என்று தமிழக லாரி உரிமையாளர்கள் குறைகூறுவது புதிதல்ல. வண்டி வெறுமையாகத் திரும்புவது தேசிய விரயம் என்று ஆலைத் தரப்பு சொல்வதும் புதிதல்ல. இரண்டும் உண்மை. இரண்டையும் சொல்பவர்கள் ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே தெருவில் வாழ்கிறார்கள்.

பேருந்துகளில் இது இன்னும் கூர்மையாயிற்று. பெங்களூரில் இருந்து இரவு நேரத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி வழியே தெற்கே இறங்கும் ஆம்னி பேருந்துகளில் நாகாலாந்து போன்ற தொலைதூர மாநிலங்களின் பதிவெண்ணைப் பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. நாகாலாந்துக்கும் அந்தத் தடத்துக்கும் தொடர்பில்லை. வரி குறைவு, அவ்வளவுதான். கடலில் ‘வசதிக் கொடி’ என்பதைச் சாலையில் ‘வசதிப் பதிவெண்’ என்று சொல்லலாம். அகில இந்தியச் சுற்றுலா அனுமதியை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு ஊர்களுக்கு இடையே தனித்தனி டிக்கெட் போட்டு ஆளேற்றிய வெளிமாநிலப் பதிவுப் பேருந்துகளுக்கு, பல முறை அவகாசம் தந்த பின், 2024 ஜூனில் தமிழக அரசு தடை விதித்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேருந்துகள் பாதிக்கப்பட்டன. பயணிகள் தவித்தார்கள். அதே வேளையில், நூறுக்கும் மேற்பட்ட பேருந்துகள் அதற்கு முன்பே தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாறியிருந்தன.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. கெடு உண்மையானது என்று தெரிந்தால் உரிமையாளர்கள் பதிவை மாற்றுகிறார்கள் என்பது ஒன்று. முன்பதிவு செய்த பயணி நடுவழியில் நிற்கும் நாளில் அந்தக் கெடுவை நடைமுறைப்படுத்தக் கூடாது என்பது மற்றொன்று. இதற்கு மாறாக, கர்நாடக, தமிழக அரசுப் பேருந்துகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-ஆவது பிரிவின் கீழான இருமாநில ஒப்பந்தத்தின்படி ஓடுகின்றன. எந்தத் தடம், எத்தனை நடை என்பது எழுத்தில் இருக்கிறது. குறை இருந்தால் பேசித் திருத்த ஓர் ஆவணம் இருக்கிறது. எல்லையோர மக்களாகிய நாங்கள் அன்றாடம் அதன் பயனை அனுபவிக்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் நுட்பமான அளவை வைத்திருக்கிறது. ஒரு நாட்டு லாரி இன்னொரு நாட்டுக்குள் சரக்கு இறக்கிய பின், ஏழு நாளுக்குள் மூன்று உள்நாட்டு நடைகள் ஓட்டலாம். அதன்பின் வெளியேற வேண்டும். வண்டி வெறுமையாகத் திரும்பாது. உள்ளூர்க்காரரின் தொழிலும் பறிபோகாது. இங்கே உரிமை அளந்து கொடுக்கப்படுகிறது.

புதிய சட்டம் தரும் வாய்ப்பு

கரையோரக் கப்பல் போக்குவரத்துச் சட்டம் 2025 இந்த அளவை எழுதுவதற்கான ஏட்டை நம் கையில் தந்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கரையோர வணிகம் பற்றிய பகுதிக்கு மாற்றாக வந்துள்ள இச்சட்டம், இந்தியக் கப்பல்களுக்கான உரிமச் சுமையைக் குறைத்திருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் வேண்டும் என்ற விதியைத் தக்கவைத்து, உரிமம் தரும்போது பணியாளர்களின் குடியுரிமை, கப்பல் கட்டப்பட்ட விதம் போன்றவற்றைக் கருத்தில் கொள்ள வழி செய்கிறது. பழைய சட்டத்தில், உரிமமின்றிக் கரையோர வணிகம் செய்தால் விதிக்கக்கூடிய அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். ஆறு மாதச் சிறை என்பது ஏட்டளவில். புதிய சட்டம், 15 லட்சம் ரூபாய் வரை அல்லது அந்தப் பயணத்தில் ஈட்டிய ஆதாயத்தின் நான்கு மடங்கு வரை, எது அதிகமோ அதைத் தண்டமாக விதிக்க இடம் தருகிறது. கரையோரக் கப்பல் போக்குவரத்துக்கான தேசியத் தரவுத்தளத்தையும், இரண்டாண்டுக்குள் ஒரு தேசியத் திட்டத்தையும் அது கோருகிறது.

ஏடு இருக்கிறது, அதில் என்ன எழுதப் போகிறோம் என்பதே கேள்வி. பொதுச் சலுகைகளை மீண்டும் மீண்டும் நீட்டிக்கும் பழக்கம் தொடர்ந்தால் புதிய சட்டம் பழைய சுற்றறிக்கைகளின் உறையாக மட்டுமே இருக்கும். என் கருத்தில், சொகுசுக் கப்பல்களுக்கான உரிமம் நான்கு நிபந்தனைகளைத் தாங்கியிருக்க வேண்டும்.

முதலாவது, வேலை. உலகக் கப்பல் பணியாளர்களில் 10 முதல் 12 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்று அரசு பெருமையுடன் சொல்கிறது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. பயிற்சி முடித்தும் முதல் கப்பல் வாய்ப்பு கிடைக்காமல் காத்திருப்பது இளம் மாலுமிகளின் நெடுநாள் குறை. இந்தியக் கரையில் ஓடிச் சம்பாதிக்கும் கப்பல், மேல்தளத்திலும் இயந்திர அறையிலும் குறிப்பிட்ட விழுக்காடு இந்தியப் பயிற்சி மாலுமிகளை ஏற்க வேண்டும் என்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது. சமையலறையிலும் அறை துப்புரவிலும் தரும் வேலைகளை மட்டும் கணக்குக் காட்டித் தப்பிக்க இடம் தரக் கூடாது.

இரண்டாவது, காலம். உரிமம் முதலில் சில ஆண்டுகளுக்கு எளிதாகவும், புதுப்பிக்கும்போது படிப்படியாகக் கடினமாகவும் இருக்கட்டும். நிலையாக இங்கேயே ஓடும் கப்பல் ஒரு கட்டத்தில் இந்தியக் கொடிக்கு மாறுவதே ஆதாயம் என்ற நிலை வர வேண்டும். அதற்கு, இந்தியக் கொடியின் வரிச்சுமையையும் கூடவே குறைக்க வேண்டும். ஒரு கையால் கதவைத் திறந்து, மறு கையால் வீட்டுக்காரர் மீது சுமையை ஏற்றினால் யாரும் வீட்டில் தங்க மாட்டார்கள்.

மூன்றாவது, பயணியின் உரிமை. மும்பையில் ஏறிக் கொச்சியில் இறங்கும் பயணி, கட்டணத்தைத் திரும்பப் பெறவோ இழப்பீடு கேட்கவோ வெளிநாட்டு நீதிமன்றத்தின் படியேறும் நிலை வரக் கூடாது. உள்ளூர் நுகர்வோர் ஆணையத்தின் அதிகார வரம்பை நிறுவனம் ஏற்பதாக உரிமத்திலேயே எழுத வேண்டும். மது, சூதாட்டம் போன்றவற்றில் கரையோர மாநிலங்களின் இசைவு, பயணச்சீட்டு விற்பதற்கு முன்பே பெறப்பட்டிருக்க வேண்டும். புதுச்சேரி அனுபவம் மீண்டும் நேரக் கூடாது.

நான்காவது, வெளிப்படைத்தன்மை. எந்தக் கப்பலுக்கு, எத்தனை நாளுக்கு, என்ன நிபந்தனையில் உரிமம் தரப்பட்டது; எத்தனை பயணிகள், எத்தனை இந்தியப் பணியாளர்கள் என்பதைத் தேசியத் தரவுத்தளம் எவரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். இந்தத் தகவல் இல்லாமல் சலுகையால் ஆதாயமா நட்டமா என்று பேசுவதெல்லாம் ஊகமே.

ஒரு வேறுபாட்டை மட்டும் இங்கே வலியுறுத்த வேண்டும். சென்னையில் இருந்து அந்தமானுக்கும், கொச்சியில் இருந்து லட்சத்தீவுக்கும் ஓடும் பயணிகள் கப்பல்கள் உல்லாசத்துக்கானவை அல்ல. நோயாளிகளும் மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும் பயணிக்கும் உயிர்நாடி அவை. அங்கே போட்டி என்ற பெயரில் லாபமுள்ள பருவத்துக்கு மட்டும் வந்து, மழைக்காலத்தில் காணாமல் போகும் கப்பல்களை அனுமதித்தால், ஆண்டு முழுதும் ஓட வேண்டிய அரசுச் சேவைதான் நலியும். இத்தகைய தடங்கள் இந்தியக் கொடிக்கே ஒதுக்கப்பட்டிருப்பது சரி. சரக்குக் கொள்கலன்களிலோ, 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் கொழும்பின் பங்கைப் பெற வேண்டுமானால், அதற்குச் சரக்கு கொண்டுவரும் சிறு கப்பல்கள் தாராளமாக வேண்டும். ஒரே சட்டத்தின் கீழ் மூன்று வகைப் போக்குவரத்துக்கும் மூன்று வகை உரிமம் எழுதுவதில் முரண்பாடு இல்லை.

ஓசூரின் அனுபவம் சொல்வது இதுதான். எல்லையை அடைத்து இந்த ஊர் வளரவில்லை. நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருவுடன் ஆளும் பொருளும் தடையின்றிப் போய்வந்ததால்தான் வளர்ந்தது. ஆனால், எல்லையில் விதியே இல்லாதபோது, சொந்த மாநிலத்தில் வரி கட்டி முறையாக வண்டி ஓட்டியவர்தான் முதலில் நொடித்துப்போனார். கரையோரக் கப்பல் போக்குவரத்துக்கான தேசியத் திட்டத்தை வகுப்பவர்கள் கப்பல் நிறுவனங்களையும் துறைமுகங்களையும் மட்டும் கலந்து பேசினால் போதாது. சரக்கு பிறக்கும் உள்நாட்டுத் தொழில் நகரங்களையும், மாலுமிகளின் சங்கங்களையும், பயணிகளையும் கேட்க வேண்டும். வரைவு உரிம நிபந்தனைகளை மாநில மொழிகளில் வெளியிட்டுக் கருத்துக் கோருவது அதன் முதல் படியாக இருக்கட்டும். அப்படிக் கோரப்பட்டால், கடற்கரையே இல்லாத எங்கள் மாவட்டத்தில் இருந்தும் கருத்துகள் போகும்.